ஆபீஸ் முழுக்க ஒரே வைஃபை: பல ஆக்சஸ் பாயிண்ட் அமைப்பது எப்படி?

இரண்டு மாடி, நாற்பது பேர், நடுவில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர்கள். ரூட்டர் கீழ்த்தளத்தில் இருக்கிறது, மேல்மாடி கணக்குப் பிரிவில் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது. இப்படிப்பட்ட ஆபீஸுக்கு ஆறு ஆண்டெனா வைத்த பெரிய ரூட்டர் வாங்குவது வீண்செலவு. ரூட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், கையில் இருக்கும் போனால் அவ்வளவு சத்தமாகத் திருப்பிப் பேச முடியாது. கீழே ஒன்று, மேலே இரண்டு என மூன்று ஆக்சஸ் பாயிண்ட் (வயரில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, சுருக்கமாக ஏபி) போதும். ரூட்டருக்குள் லாகின் செய்யவும் கேபிள் கிரிம்ப் செய்யவும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வயர்

ஒவ்வொரு ஏபிக்கும் ஸ்விட்சிலிருந்து தனி கேட்6 கேபிள் இழுங்கள். 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்காதீர்கள். வாங்குவதையும் அனுப்புவதையும் அது ஒரே ரேடியோவில் செய்தால் வேகம் பாதியாகிவிடும்.

கேபிள் வாங்கும்போது கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம், கடைக்காரர்கள் சிசிஏ என்பார்கள். அதில் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம்) கொடுத்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கும்; கூட்டம் ஏறும் நேரம் பார்த்து ஏபி ரீஸ்டார்ட் ஆகும். கிரிம்ப் செய்தபின் ஸ்விட்ச் பக்கத்தில் லிங்க் வேகத்தைப் பாருங்கள். 1000-க்குப் பதில் 100 என்று காட்டினால் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை.

பிஓஇ ஸ்விட்ச் 802.3ஏஎஃப் (போர்ட்டுக்கு 15.4 வாட்) அல்லது ஏடி (30 வாட்) தரத்தில் இருக்கட்டும். விலை குறைவென்று 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரை (எதிரே என்ன கருவி என்று பார்க்காமலே கேபிளில் மின்சாரம் ஏற்றும் பெட்டி) கண்ட ஏபியில் செருகாதீர்கள். பிஓஇயில் இன்னொரு லாபமும் உண்டு: ஸ்விட்சையும் ரூட்டரையும் ஒரு யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டால், கரண்ட் போனாலும் எல்லா ஏபியும் ஓடும்.

முகவரி கொடுப்பது ஒருவர் மட்டுமே

சிக்கல் வருவதில் பாதி இங்கேதான் வருகிறது, அதுவும் பழைய வீட்டு ரூட்டரை ஏபியாக மாற்றும்போது. ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை மெயின் ரூட்டர் மட்டும் செய்ய வேண்டும். மெயின் ரூட்டர் 192.168.1.1 என்றால், அதன் டிஹெச்சிபி வரம்பை 100 முதல் 250 வரை வையுங்கள். 100-க்குக் கீழே உள்ள எண்கள் ஏபிக்கும் பிரிண்டருக்கும்.

பழைய ரூட்டரை ஆபீஸ் வயரில் செருகாமல், லேப்டாப்புடன் மட்டும் இணைத்துத் திறங்கள். ஆபரேஷன் மோடில் 'ஆக்சஸ் பாயிண்ட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகையை மற்ற ஏபிகளில் உள்ளபடி வையுங்கள்; இந்தப் பகுதியில் வேறு வேலை இல்லை. இல்லையென்றால் வரிசை முக்கியம்:

1. முதலில் லேன் ஐபியை (அந்த ரூட்டரின் சொந்த முகவரி) 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள்.
2. ரீஸ்டார்ட் ஆனதும் புதிய முகவரியில் நுழைந்து, வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூன்றையும் மற்ற ஏபிகளில் உள்ளபடியே வையுங்கள்.
3. கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள்.
4. ஸ்விட்சிலிருந்து வரும் வயரை லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் போர்ட் (இன்டர்நெட் வயருக்கானது) காலியாக இருக்கட்டும்.

மூன்றாவது படிக்குப் பிறகு லேப்டாப் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டலாம். ரூட்டர் கெட்டுவிட்டது என்று பதறி ரீசெட் பட்டனை அழுத்தாதீர்கள். முகவரி கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். மறுபடி உள்ளே போக வேண்டுமென்றால் லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 கொடுங்கள்.

டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் சில கணினிகளில் மட்டும் இன்டர்நெட் போகும், நாளைக்கு வேறு சிலவற்றில் போகும். எந்த ரூட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதன் முகவரிதான் கிடைக்கும். கணினியில் கேட்வே (இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல்) 192.168.1.2 என்று காட்டினால் ஆள் சிக்கிவிட்டார். டிஹெச்சிபியை அணைத்தபின் வயர் வான் போர்ட்டில் இருந்தாலோ, அந்த ஏபியில் சேரும் கருவிகளுக்கு முகவரியே கிடைக்காது.

சேனலும் பவரும்

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஏபிக்கும் 1, 6, 11 என்று ஆளுக்கொரு சேனல் (ஏபி பேசும் அலைவரிசை), அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 3, 4 என்று நடுவில் போட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் சேரும். 5 கிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்து 36, 44, 149, 157-இலிருந்து எடுங்கள். 52 முதல் 144 வரை ரேடாருடன் பங்கிடும் சேனல்கள். ரேடார் கேட்டால் ஏபி உடனே இடம் மாற வேண்டியிருக்கும்.

'ஹை' என்று இருக்கும் பவரைக் குறையுங்கள்: 2.4-க்கு லோ, 5-க்கு மீடியம். எந்த ஏபிக்குத் தாவுவது என்று முடிவெடுப்பது போன்தான். கீழ்த்தள ஏபி மேல்மாடி வரை கேட்டால் போன் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். வாட்ஸ்அப் காலில் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறிப் பாருங்கள். குரல் விட்டுவிட்டு வந்தால் பவரை இன்னும் ஒரு படி இறக்குங்கள். மேசைகளில் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) அளவுக்கு சிக்னல் கிடைத்தால் போதும்.

புதிதாக வாங்குவதென்றால் என் ஓட்டு டிபி-லிங்க் ஒமாடாவுக்கு. கன்ட்ரோலர் மென்பொருள் இலவசம், மூன்று ஏபியையும் ஒரே திரையில் மாற்றலாம். யூபிக்விட்டி நிறுவனத்தின் யூனிஃபையும் நல்லதுதான், விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை

பழைய பிரிண்டர் இணைய மறுத்தால் பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3-ஐ விட்டு டபிள்யூபிஏ2-க்கு இறங்குங்கள். 802.11ஆர் (ஏபி விட்டு ஏபி சீக்கிரம் தாவ உதவும் வசதி) ஆன் செய்திருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள்.

வீட்டு ரூட்டரை ஏபியாக மாற்றியவர்கள் அதன் 'கெஸ்ட் நெட்வொர்க்'கை நம்ப வேண்டாம். ஏபி மோடில் பல மாடல்களில் விருந்தாளியும் உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ளேயே வந்து நிற்பார். கெஸ்டில் சேர்ந்த போனிலிருந்து 192.168.1.1-ஐத் திறந்து பாருங்கள். லாகின் பக்கம் வந்தால் கெஸ்டை அணைத்துவிட்டு, விலேன் (ஒரே வயரில் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) தெரிந்த ஏபியும் ஸ்விட்சும் ரூட்டரும் வாங்கும்வரை பொறுங்கள்.