டொக்கரில் ‘பெர்மிஷன் டினைட்’: எனக்கு இரண்டு இரவு எடுத்தது, உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்

நிலாவெளியில் விடுதி நடத்தும் என் மச்சானுக்கு, அறைப் பதிவுக்கென்று ஒரு சின்ன மென்பொருள் செய்து கொடுக்கிறேன். சித்திரை கழிந்தால் அங்கே வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கிவிடுவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். மென்பொருளைக் கொள்கலன் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டொக்கர் என்ற கருவியில்தான் அதை ஓட்டுகிறேன். உவர்மலையில் வீட்டிலிருந்து உபுண்டு மடிக்கணினியில், ஓடும் கொள்கலன்களைப் பட்டியலிடும் ‘டொக்கர் பிஎஸ்’ கட்டளையை அடித்தேன். வந்தது ‘பெர்மிஷன் டினைட்’, அதாவது அனுமதி மறுப்பு.

டொக்கர் ஏற்கெனவே நிறுவப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில், மறுப்பது யார்? நீங்கள் அடிக்கும் டொக்கர் கட்டளை தானாக எதையும் செய்வதில்லை. பின்னால் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) ஓடும் டீமன் என்ற பின்னணிச் சேவையிடம் ‘டொக்கர்.சொக்’ என்ற சொக்கெட் கோப்பு வழியாகக் கேட்கிறது. அந்தக் கோப்பின் சொந்தக்காரர் ரூட், குழு டொக்கர், அனுமதி 660. அதாவது ரூட்டும் அந்தக் குழுவில் இருப்பவர்களும் தவிர வேறு யாரும் தொட முடியாது. ஆகவே உங்களைக் குழுவில் சேர்க்க வேண்டும்:

சூடோ யூசர்மொட் -ஏஜி டொக்கர் உங்கள்_பயனர்பெயர்

ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து.

சரி, இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். கட்டளை பிழையில்லாமல் ஓடியது. டெர்மினலை மூடித் திறந்தேன், அதே மறுப்பு. ‘ஐடி’ என்று அடித்து அதோடு என் பெயரையும் கொடுத்துப் பார்த்தால் பட்டியலில் டொக்கர் குழு இருந்தது. பெயர் கொடுக்காமல் வெறுமனே ‘ஐடி’ அடித்தபோது டொக்கர் குழு இல்லை! விசயம் இதுதான்: பெயரோடு கேட்டால் கணினி தன் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறது. பெயரில்லாமல் கேட்டால் அந்த டெர்மினலின் கையில் இப்போது என்ன இருக்கிறதோ அதைச் சொல்கிறது. குழுக்கள் லொக் இன் ஆகும்போதுதான் ஒட்டப்படுகின்றன. பிறகு திறக்கும் ஒவ்வொரு டெர்மினலும் அந்தப் பழைய பட்டியலையே வாங்கிக்கொள்கிறது. ஆகவே முழுதாக லொக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் கணினியையே ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘நியூஜிஆர்பி டொக்கர்’ என்ற கட்டளையும் உண்டு, ஆனால் அது அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும்தான்.

சொக்கெட்டுக்கு ‘சிஎச்மொட் 666’ கொடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டால் உடனே வேலை செய்யும் என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கணினியில் இருக்கும் எந்தப் பயனரும் அதன் வழியாக ரூட் ஆகிவிடலாம். போதாததற்கு, கணினியை மறுபடி தொடங்கினால் அனுமதி பழையபடி மாறி, மறுப்பும் திரும்ப வரும். டொக்கர் குழுவில் இருப்பதே ஏறக்குறைய ரூட்டாக இருப்பதுதான். பலர் பாவிக்கும் சேர்வரில் யாரையும் சும்மா அதில் சேர்க்காதீர்கள். அப்படியான இடத்தில் டீமனே இல்லாமல் உங்கள் சொந்தப் பயனராகவே ஓடும் பொட்மன் என்ற மாற்றுக் கருவியைத்தான் நான் விரும்புவேன்.

அடுத்த மறுப்பு கோப்புறையில் வந்தது. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தின் தரவை என் வீட்டுக் கோப்புறையொன்றில் மவுண்ட் செய்திருந்தேன், அதாவது அந்தக் கோப்புறையைக் கொள்கலனோடு இணைத்திருந்தேன். மறுநாள் அதை பக்கப் எடுக்கப் போனால் உள்ளே நுழையவே முடியவில்லை. ‘எல்எஸ் -எல்என்’ அடித்துப் பாருங்கள், சொந்தக்காரரின் பெயருக்குப் பதிலாக எண் தெரியும். எனக்குத் தெரிந்தது 999. உபுண்டுவில் முதற்பயனரான நான் 1000. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். கொள்கலனுக்குள் போஸ்ட்கிரஸ் பயனரின் எண் 999 என்றால் வெளியிலும் அந்தக் கோப்பு 999க்கே சொந்தம். தரவுத்தளத்துக்கு மவுண்டை விட்டுவிட்டு டொக்கரே பராமரிக்கும், பெயரிட்ட வொலியூமுக்கு (சேமிப்பிடத்துக்கு) மாறினேன், பக்கப்பை ‘பிஜி_டம்ப்’ மூலம் எடுக்கிறேன். நீங்களே திருத்தும் நிரல் கோப்புகளென்றால் ‘டொக்கர் ரன்’ உடன் ‘--யூசர் 1000:1000’ சேருங்கள், உங்கள் எண்ணை ‘ஐடி -யு’ சொல்லும்.

பிற்சேர்க்கை: கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார், ஏ எழுத்தை விட்டு வெறும் ஜி மட்டும் அடித்துவிட்டாராம். ஏ என்றால் ‘இருப்பதோடு சேர்’ என்று பொருள். அது இல்லாவிட்டால் மற்றத் துணைக்குழுக்கள் எல்லாம் போய்விடும், ரூட் அதிகாரம் தரும் சூடோ குழுவும் சேர்த்து. ரிக்கவரி மோடில் ரூட் ஷெல்லைத் திறந்து, ‘யூசர்மொட் -ஏஜி சூடோ’ என்பதோடு அவர் பயனர்பெயரையும் கொடுத்து மீட்டோம்.

இன்னொருவருக்குக் குழு சரியான பிறகும், ‘கொன்பிக்.ஜேசன்’ கோப்பை வாசிக்க முடியவில்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. முன்பு சூடோவோடு டொக்கரை ஓட்டியபோது, வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கும் ‘.டொக்கர்’ ரூட்டின் பெயரில் உருவாகியிருந்தது. ‘சூடோ சிஎச்ஓன் -ஆர்’ (ஆர் பெரிய எழுத்து) கொடுத்து அதைத் தன் பெயருக்கு மாற்றியதும் எச்சரிக்கை நின்றது.