காரங்காடு அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே உள்ள காரங்காட்டில் வனத்துறை, ஊர் மக்களோடு சேர்ந்து, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் படகுச் சவாரி நடத்துகிறது. ஊரார் படகிலேயே போங்கள். காடு நின்றால்தான் வருமானம் என்பது அவர்களுக்குக் காவல் காக்கத் தெம்பு தரும்.

முதல் நாளே கடல் ஏற்ற நேரத்தைக் கேட்டுவிடுங்கள். கடல் வற்றியிருக்கும்போது போனால் படகு சேற்றில் தட்டும், எந்திரத்தின் விசிறி பட்டு வேர்கள் வெட்டுப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றலும் கூடுதல்.

சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் மரம் மூச்சு விடுவது அவற்றால்தான். ஒடிந்தால் மரம் நலியும். அதனால் இறங்கி நடக்கவே வேண்டாம்.

வலசைப் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை, விடியற்காலையில் போங்கள். பறவைக் கூட்டம் தலை தூக்கிப் பார்த்தாலே எந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். பவளத்துண்டு, கடலட்டை எடுப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.