ஓட்டப் பயிற்சியோடு ரோயிங்கைச் சேர்ப்பது எப்படி? தூரம் ஓடுபவர்களுக்கு ஒரு செய்முறை

வாரத்துக்கு நான்கைந்து நாள் ஓடுகிறீர்கள். 10 கிலோமீட்டரோ அரை மாரத்தானோ ஒரு பந்தயம் மனதில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பயிற்சியைக் கூட்டலாம் என்று மூச்சு சொல்கிறது, கெண்டைக்கால் வேண்டாம் என்கிறது. இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

நான் ரோயிங் மெஷினில் (படகில் துடுப்பு வலிப்பதுபோல் உட்கார்ந்து இழுக்கும் ஜிம் மெஷின்) போய் உட்கார்ந்ததும் இதே காரணத்தால்தான். கால் தரையில் மோதாமல் இதயத்துக்கு வேலை கொடுக்க சைக்கிள் இருக்கிறது, நீச்சல் இருக்கிறது. ஆனால் கையில் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு ரோயிங்குக்கே. தொடை, பிட்டம், முதுகு, கை என்று பெரிய தசைகள் எல்லாம் ஒன்றாக வேலை செய்வதால் மூச்சு சீக்கிரம் ஏறிவிடுகிறது.

மெதுவோட்டம் என்றால் என்ன, டெம்போ என்றால் என்ன என்றெல்லாம் விளக்கப்போவதில்லை. ஓடுபவர்களுக்கு அது தெரியும். ஒன்றை மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது: ரோயிங் மெதுவோட்டத்துக்கு மாற்றாகலாம். வார இறுதி நீண்ட ஓட்டத்துக்கும் பந்தய வேக ஓட்டத்துக்கும் அது மாற்றே இல்லை.

படி 1: மெஷினைத் தயார் செய்தல்

காற்றுச் சக்கரம் வைத்த மெஷின் கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஜிம்களில் இருப்பது கான்செப்ட்2 நிறுவனத்தின் மெஷின். ரோயிங் ஆட்களின் நேரங்களும் பந்தயங்களும் பெரும்பாலும் அதை வைத்துத்தான் பேசப்படுகின்றன. காந்த மெஷினிலும் பயிற்சி செய்யலாம், ஆனால் அது காட்டும் வேகத்தை வேறு எதனோடும் ஒப்பிட முடியாது.

சக்கரத்தின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை நகரும் ஒரு நெம்புகோல் இருக்கும். அதுதான் டேம்பர். புதிதாக வருபவர்கள் அதை 10-இல் தள்ளிவிட்டுத்தான் உட்காருவார்கள். பயிற்சியின் கடினத்தை முடிவு செய்வது டேம்பர் இல்லை, நீங்கள் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறீர்கள் என்பதே. டேம்பரை ஏற்றினால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் (ஒருமுறை இழுத்துத் திரும்பி வருவது) கனமாகி முதுகுதான் முதலில் களைக்கும். ஓட்டக்காரர்களுக்கு 3 அல்லது 4 போதும்.

அந்த எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். சக்கரக் கூண்டில் தூசி அடைத்த மெஷினில் 5 என்பது, சுத்தமான மெஷினில் 3-க்குச் சமமாக இருக்கலாம். திரையில் 'மோர் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்' அழுத்தி நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள். சக்கரத்தில் உண்மையில் எவ்வளவு காற்றுத் தடை இருக்கிறது என்று அது காட்டும். 110-இலிருந்து 125-க்குள் வந்தால் சரி. எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அரை நிமிட வேலைதான்.

பாதப் பட்டை விரல்கள் தொடங்கும் அகலமான இடத்தின் மேல் வர வேண்டும். தடிமனான மெத்தை வைத்த ஓட்டக் காலணி இதற்கு ஆகாது. தள்ளும் விசையை அது விழுங்கிவிடும். தட்டையான அடிப்பாகம் கொண்ட பழைய ஷூ ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: இழுக்கும் முறை

கால், முதுகு, கை என்ற வரிசையில் தள்ளி இழுப்பது. கை, முதுகு, கால் என்று திரும்பி வருவது. இதற்கு நல்ல வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடுபவர்களுக்கு மட்டும் ஒன்று: நம்மில் பலருக்குப் பின்தொடை இறுக்கமாக இருக்கும். அதனால் முன்னால் வரும்போது இடுப்பிலிருந்து சாயாமல் கீழ்முதுகை வளைத்து எட்டுவோம். முதுகுவலி தொடங்குவது அங்கேதான். பாதத்தட்டை ஒன்றிரண்டு துளை கீழே இறக்கி வைத்தால் இடுப்பிலிருந்து சாய்வது சுலபமாகும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு செங்குத்தாக நின்றதும் முன்னால் வருவதை நிறுத்திவிடுங்கள், அதைத் தாண்டி நெருங்கி வரத் தேவையில்லை.

படி 3: மெதுவாகத் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொள்ளுதல்

இதுதான் முக்கியமான படி. எனக்கு இது பிடிபட ரொம்ப நாள் ஆனது. ஓட்டத்திலிருந்து வரும் பலருக்கும் அப்படித்தான்.

ஓடும்போது நம் கால் நிமிடத்துக்கு 170, 180 முறை தரையைத் தொடுகிறது. அந்தத் தாளம் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. மெஷினில் உட்கார்ந்ததும் அதே பரபரப்போடு நிமிடத்துக்கு 28, 30 ஸ்ட்ரோக் என்று முன்னும் பின்னும் ஓட ஆரம்பித்துவிடுகிறோம். இதயத் துடிப்பு எகிறுகிறது, திரையில் உள்ள வேகமோ அசையவே மாட்டேன் என்கிறது. பத்து நிமிடத்தில் ரோயிங் நமக்கு ஒத்துவராது என்று இறங்கிவிடுகிறோம்.

மெதுப் பயிற்சிக்கு நிமிடத்துக்கு 18 முதல் 20 ஸ்ட்ரோக் போதும். 20 என்றால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு மூன்று வினாடி. அதில் தள்ளுவதற்கு ஏறக்குறைய ஒரு வினாடி, திரும்பி வர இரண்டு வினாடி. ஊஞ்சல் ஆட்டும்போது ஒரு தள்ளு தள்ளிவிட்டு அது திரும்பி வரும்வரை நிற்கிறோம் அல்லவா, அந்த நிதானம் வேண்டும். ஓய்வு அந்த இரண்டு வினாடியில்தான் இருக்கிறது.

பழகுவதற்கு ஒரு வழி: 24 ஸ்ட்ரோக்கில் ஐந்து நிமிடம் வலித்து, என்ன வேகம் வருகிறது என்று பாருங்கள். அடுத்த ஐந்து நிமிடம் அதே வேகத்தை 22-இல் பிடியுங்கள், அப்புறம் 20-இல். எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு தள்ளலும் தானாகப் பலமாகும். 20-இல் முடியவில்லை என்றால் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், எண்ணிக்கையை ஏற்றாதீர்கள்.

திரையில் தெரியும் வேகமும் ஓட்டக்காரர்களை ஏமாற்றும். அது 500 மீட்டருக்கு இவ்வளவு நேரம் என்ற கணக்கு, ஸ்பிளிட் என்பார்கள். சமதளத்தில் ஓடும்போது வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் உழைப்பும் ஏறக்குறைய அதே அளவில்தான் கூடும். ரோயிங்கில் அப்படி இல்லை. வேகத்தின் கனத்துக்கு (மும்மடிக்கு) ஏற்ப சக்தி தேவைப்படும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. கான்செப்ட்2 கணக்குப்படி 2:30 ஸ்பிளிட்டுக்கு சுமார் 104 வாட் வேண்டும். அதை 2:25 ஆக்க இன்னும் 11 வாட். ஆனால் 2:00-இலிருந்து 1:55-க்குப் போக 28 வாட் கூடுதலாக வேண்டும். அதே ஐந்து வினாடிக்கு இரண்டரை மடங்கு விலை! 'கொஞ்சம்தானே, ஐந்து வினாடி' என்ற ஓட்டக்காரரின் உள்ளுணர்வு இங்கே செல்லாது. அதனால் மெதுப் பயிற்சியின்போது திரையை வாட்டுக்கு மாற்றி வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி.

இதயத் துடிப்புப் பட்டை வைத்திருப்பவர்களுக்கு: ஓட்டத்துக்கு வகுத்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். பழகாத தசைகள் இதயத்துக்கு முன்பே களைத்துவிடுவதால், அதே அளவு சிரமத்துக்குத் துடிப்பு சற்றுக் குறைவாகக் காட்டுவது சகஜம். அந்த எண்ணை எட்டியே தீர வேண்டும் என்று மல்லுக்கட்டினால் மெதுப் பயிற்சி கடும்பயிற்சியாகிவிடும். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அது போதும்.

படி 4: கிலோமீட்டரை மறந்து நிமிடத்தை எண்ணுதல்

40 நிமிட மெதுவோட்டத்துக்குப் பதில் 40 நிமிட ரோயிங். இவ்வளவுதான் கணக்கு. 2:15 ஸ்பிளிட்டில் 10,000 மீட்டர் வலித்தால் 45 நிமிடம் ஆகும். பார்ப்பதற்கு 10 கிலோமீட்டர் ஓட்ட நேரம் மாதிரியே இருக்கும். அது தற்செயல். இரண்டையும் ஒரே ஏட்டில் கூட்டி 'இந்த வாரம் இத்தனை கிலோமீட்டர்' என்று எழுதாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் 15, 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள். அப்புறம் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, நடுவில் ஒரு நிமிடம் எழுந்து நின்று, முப்பதுக்குப் போகலாம். மூச்சு இன்னும் கேட்கும். ஆனால் முதுகும் உள்ளங்கையும் பழக நேரம் கொடுக்க வேண்டும்.

படி 5: வாரத்தில் எங்கே வைப்பது

நான்கு ஓட்டம், இரண்டு ரோயிங் என்ற என் வாரம் இப்படி இருக்கும்:

திங்கள்: ரோயிங் 30 நிமிடம், மிக மெதுவாக
செவ்வாய்: வேக ஓட்டம்
புதன்: ரோயிங் 40 நிமிடம், மெதுவாக
வியாழன்: டெம்போ ஓட்டம்
வெள்ளி: ஓய்வு
சனி: மெதுவோட்டம், கடைசியில் சில குறுகிய வேக ஓட்டங்கள்
ஞாயிறு: நீண்ட ஓட்டம்

நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் ரோயிங் வைப்பதில் ஒரு வசதி உண்டு. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. மறுநாள் படி இறங்க முடியாமல் வலிப்பது பெரும்பாலும் அதனால்தான். ரோயிங்கில் தரையிறங்குவதே இல்லை. வலிக்கும் காலோடும் மெதுவாகச் செய்ய முடியும்.

பாதகமும் அதே இடத்தில்தான். தரையில் மோதினால்தான் எலும்பும் குதிகால் தசைநாணும் கெண்டைத் தசையும் மோதலைத் தாங்கப் பழகும். மெஷினில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் அரை மாரத்தானின் கடைசி ஐந்து கிலோமீட்டரைத் தாங்கும் கால் கிடைக்காது. நீண்ட ஓட்டத்தில் கை வைக்கக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள் கடும் ரோயிங் வேண்டவே வேண்டாம். களைத்த முதுகோடு இரண்டு மணி நேரம் நிமிர்ந்து ஓடுவது கஷ்டம்.

கெண்டைக்கால் முரண்டு பிடிக்கும் வாரத்தில் மட்டும் செவ்வாய் வேக ஓட்டத்தை மெஷினுக்கு மாற்றலாம்: நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் லேசாக, இப்படி ஐந்து சுற்று, 24 முதல் 26 ஸ்ட்ரோக். முதல் சுற்று 'இது ரொம்ப லேசாக இருக்கிறதே' என்று தோன்ற வேண்டும்.

படி 6: பந்தயங்கள்

ஓட்டப் பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பே கடும் ரோயிங்கை நிறுத்திவிடுங்கள். கடைசி மெது ரோயிங் மூன்று நான்கு நாள் முன்பு, 20 நிமிடம். புதிய டேம்பர், புதிய மெஷின் என்று எதையும் அந்த வாரத்தில் முயல வேண்டாம்.

ரோயிங் பந்தயமும் ஆசையாக இருக்கிறதா? உள்ளரங்கப் பந்தயத்தின் வழக்கமான தூரம் 2,000 மீட்டர். நம்மைப் போன்றவர்களுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். உணர்வில் அது 1,500 மீட்டர், 3,000 மீட்டர் ஓட்டங்களுக்கு நடுவில் இருக்கும். ஓட்டப் பந்தயத்துக்கும் இதற்கும் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

இலக்கு வேகத்துக்கு ரோயிங் ஆட்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தூரம் இரட்டிப்பானால் ஸ்பிளிட் ஐந்து வினாடி கூடும். 4,000 மீட்டரை 2:10 ஸ்பிளிட்டில் முடிப்பவர் 2,000 மீட்டரை 2:05 ஸ்பிளிட்டில் முடிப்பார். தூர ஓட்டக்காரர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. மூச்சு நிறைய, பலம் கொஞ்சம் என்பதால் நமக்கு அந்த இடைவெளி சின்னது. அதனால் 2:07-இல் தொடங்கி, பாதி தாண்டியதும் முடிந்தால் கூட்டுங்கள். முதல் ஆறேழு ஸ்ட்ரோக் உற்சாகத்தில் 1:50 காட்டும், அதை ரசிக்க வேண்டாம். சக்தி கன மடங்கில் ஏறுகிறது என்று பார்த்தோமே, அந்தக் கடனை மூன்றாவது 500 மீட்டர் வட்டியோடு வசூலித்துவிடும்.

இன்னொன்று: இங்கே உங்கள் எடையை இருக்கை சுமக்கிறது. ஓட்டத்தில் உங்களுக்குப் பின்னால் வரும் பெரிய உடம்புக்காரர் மெஷினில் உங்களைச் சாதாரணமாகத் தாண்டிப் போவார். மனம் தளர வேண்டாம். கான்செப்ட்2 தரவரிசையில் ஆண்களுக்கு 75 கிலோ, பெண்களுக்கு 61.5 கிலோ வரை இலகு எடைப் பிரிவு தனியாக இருக்கிறது. அங்கே போய்ப் பாருங்கள்.

சேர்ப்பு: வாசகர்கள் கேட்டவை

கையில் கொப்புளம் வருகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் காரணம். விரல்களைக் கொக்கி மாதிரி மாட்டினால் போதும், கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. கையுறை எனக்குப் பிடிக்காது, பிடி இன்னும் இறுகத்தான் செய்யும்.

பிட்டம் மரத்துப்போவதற்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பதே நல்ல வைத்தியம். அப்புறமும் தொந்தரவு என்றால் மெல்லிய பஞ்சுத் திண்டு போட்டுக்கொள்ளலாம். தடிமனானது வேண்டாம், இருக்கையின் உயரம் மாறி இழுக்கும் கோணமும் மாறிவிடும்.

விலாவில் ஓரிடத்தில் குத்துவது போல வலித்து, இருமும்போதும் ஆழ்ந்து மூச்சு விடும்போதும் அது கூடினால், தசைப்பிடிப்பு என்று தள்ளிப்போடாதீர்கள். ரோயிங் வீரர்களுக்கு விலா எலும்பில் அழுத்த முறிவு வருவது தெரிந்த விஷயம். ரோயிங்கை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, காலில் அடிபட்டு ஆறு வாரம் ரோயிங் மட்டும் செய்துவிட்டுத் திரும்பி ஓடப்போகும் ஒருவர் கேட்டது: பழைய வேகத்திலேயே தொடங்கலாமா? மூச்சு தயாராக இருக்கும், கால் தயாராக இருக்காது. இந்த நிலையில்தான் மறுபடி அடிபடும். முதல் வாரம் மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். விட்ட நாட்களில் ரோயிங் வழக்கம்போல. அடுத்த நாள் காலையில் வலி இல்லை என்றால் மட்டும் ஓட்ட நிமிடத்தை ஒன்று கூட்டுங்கள்.