வித்து பார்த்துக் காளானை அடையாளம் காண்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் புற்றுக்காளான் தேடிப் போவது நம் ஊர்களில் பழைய பழக்கம். அதே மழைக்குப் புல்வெளியிலும் தோப்போரத்திலும் இன்னொரு பெரிய வெள்ளைக் காளானும் முளைக்கும். குடை ஒரு சாண் அகலம்கூட விரியும், மேலே பழுப்புச் செதில் இருக்கும், தண்டில் ஒரு வளையம் இருக்கும். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தின்றவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொள்ளும். பார்வைக்குச் சாப்பாட்டுக் காளான் போலவே இருக்கும் இதைக் காட்டிக்கொடுப்பது அதன் வித்துதான். பள்ளியில் ஸ்போர் என்று படித்தோமே, அதுதான். இந்தக் காளானின் வித்து குவியலாகப் படிந்தால் பச்சையாக இருக்கும். புற்றுக்காளானுடையது வெளிர் இளஞ்சிவப்பு.

இவ்வளவு துலக்கமான வேறுபாடு இருந்தும் ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றே: குடைக்கு அடியில் மெல்லிய தகடுகளாக உள்ள செவுள்களின் நிறத்தையே வித்தின் நிறமாக எடுத்துக்கொள்கிறார்கள். குளோரோஃபில்லத்தின் இளம் செவுள்கள் சுத்த வெள்ளை. வித்து முற்றிய பிறகுதான் அவற்றில் பச்சை ஏறும். பறித்த அன்று வெள்ளையாக இருந்தது என்பது எதற்கும் சான்று ஆகாது. வித்தைக் கீழே விழவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

விழவைப்பது எளிது. தண்டைக் குடையை ஒட்டி நறுக்கிவிட்டு, செவுள் கீழே இருக்கும்படி காகிதத்தில் வைத்து, டம்ளரால் மூடி, ஓர் இரவு விட்டால் போதும். இதிலும் வழக்கமான சறுக்கல்கள் உண்டு. வெறும் வெள்ளைத் தாளில் வைத்தால் வெள்ளை வித்து விழுந்ததே தெரியாது. பாதி வெள்ளை, பாதி கறுப்பு இருக்கிற காகிதமோ, கண்ணாடித் துண்டோ நல்லது. மூடாமல் மின்விசிறிக்கு அடியில் வைத்தால் வித்து பறந்துவிடும். மொட்டாக இருக்கிற காளானில் வித்தே முற்றியிருக்காது. அழுகத் தொடங்கியதில் பூஞ்சணத்தின் வித்தும் கலந்து விழும். படிந்ததை மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிறம் சொல்லாதீர்கள். பிளேடால் வழித்து ஒரு சிறு குவியலாக்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய படலமாக இருக்கும்போது வெளிர் இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நிறம் தெரிந்துவிட்டது, சரி. பெரிய தவறு இதற்கு அப்புறம்தான் வருகிறது. 'இளஞ்சிவப்பு, அப்படியானால் புற்றுக்காளான்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். இளஞ்சிவப்பு வித்து வைக்கோல் காளானுக்கும் உண்டு, என்டோலோமா இனத்துக்கும் உண்டு. என்டோலோமாவில் நச்சுக் காளான்கள் இருக்கின்றன. வெள்ளை வித்தோ இன்னும் மோசம். நாம் கடையில் வாங்குகிற பால் காளானுக்கும் வெள்ளை வித்துதான், உலகத்திலேயே அதிக உயிர்களைக் குடித்த அமனிட்டா ஃபலாய்டஸுக்கும் வெள்ளை வித்துதான். ஒரு காளான் 'இதுவாக இருக்க முடியாது' என்று தள்ளிவிட வித்தின் நிறம் நன்றாக உதவும். 'சாப்பிடலாம்' என்று அது ஒருபோதும் சொல்லாது. காளான் பறிக்கும் வீடுகளில் இந்த ஒரு விஷயமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு நடந்தது இதற்கு வேதனையான எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவில் முட்டை வடிவில் மண்ணிலிருந்து எழும்பிய அமனிட்டாவை, தங்கள் ஊர் வைக்கோல் காளான் என்று நம்பிப் பறித்திருக்கிறார்கள். ஒன்றின் வித்து வெள்ளை, மற்றதன் வித்து இளஞ்சிவப்பு. ஆனால் முட்டைப் பருவத்தில் வித்து விழாதே! சோதிக்க வழியில்லாத பருவத்தில் பறித்தால் எந்தச் சோதனையும் உதவாது.

இளஞ்சிவப்பு வித்துள்ளவற்றைப் பிரிக்க மைக்ராஸ்கோப் வேண்டும். அங்கே விடை அழகாகக் கிடைக்கும்: புற்றுக்காளானின் வித்து வழவழப்பான நீள்வட்டம், என்டோலோமாவின் வித்து பல முனைகள் கொண்ட கோண வடிவம். ஆனால் பழகாத கண் வேறு எதையோ பார்த்துவிடும். கறுத்த விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிவது பெரும்பாலும் காற்றுக்குமிழி. வித்துக்குள் மின்னுகிற எண்ணெய்த் துளியை உட்கரு என்று எழுதிவிடுவதும் உண்டு. ஒற்றை வித்தை உருப்பெருக்கிப் பார்த்துவிட்டு, 'நிறமில்லை, ஆகவே வெள்ளை வித்து' என்பதும் தவறு. குளோரோஃபில்லத்தின் பச்சைகூடத் தனி வித்தில் ஏறக்குறைய தெரியாது.

அளவெடுப்பதில் நானும் தொடக்கத்தில் தடுமாறியிருக்கிறேன். கண்வில்லையில் தெரியும் கோடுகளை அப்படியே மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று எண்ணிக்கொண்டு ஒரு நோட்டு நிறைய எழுதினேன். அத்தனையும் வீண். ஒவ்வொரு பொருளருகு வில்லைக்கும் அந்தக் கோட்டின் மதிப்பு மாறும். ஒரு மில்லிமீட்டரை 100 பங்காகப் பிரித்த அளவுத் தகட்டை வைத்து முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். அந்தத் தகட்டில் ஒரு பங்கு 10 மைக்ரான். பல வித்துகள் அந்த ஒரு பங்குக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படியென்றால் ஒரு மைக்ரான் பிசகுகூட எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். செவுளைக் கிள்ளி ஸ்லைடில் நசுக்கினால் முற்றாத வித்தும் சேர்ந்துவிடும். தானாக விழுந்து படிந்ததிலிருந்து எடுங்கள். நேராக நிமிர்ந்து நிற்கும் வித்து வட்டமாகத் தெரியும், அதனால் படுத்திருப்பதை மட்டும் அளக்க வேண்டும். வித்து ஒட்டியிருந்த சிறு முனையை நீளத்தில் சேர்க்கக் கூடாது. இரண்டு, மூன்று வித்தோடு நிறுத்தாமல் 20, 30 அளந்து சிறியது, பெரியது இரண்டையும் குறியுங்கள். 400 மடங்கில் வடிவம் தெரியும். மேற்பரப்பின் முள், மேடு, முனையில் இருக்கும் முளைத்துளை ஆகியவற்றுக்கு இமர்ஷன் எண்ணெய் விட்டு 1000 மடங்கு வேண்டும். தண்ணீரில் பார்த்தீர்களா, பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலா என்பதையும் எழுதிவையுங்கள், அளவு சற்று மாறலாம்.

அயோடின் கலந்த மெல்ஸர் கரைசலில் சில வித்துகள் நீலக்கறுப்பாகும், சில செம்பழுப்பாகும், சில மாறவே மாறா. குளோரோஃபில்லம் செம்பழுப்பாகும். இங்கே நடக்கும் பிழை, நீலமானால் அமனிட்டா என்று பாடம் பண்ணிக்கொள்வது. ருசுலா என்ற வேறொரு காளான் வகையின் வித்திலுள்ள முட்களும் மேடுகளும் நீலக்கறுப்பாகும். அமனிட்டாவிலேயே ஒரு பகுதி இனங்கள் மாறாமல் இருக்கும்.

வித்தில் மூழ்கிப்போய்க் காளானை மறப்பதும் நடக்கிறது. புற்றுக்காளானைப் பிடுங்காமல் தோண்டினால் வேர்போன்ற அடித்தண்டு மண்ணுக்குள் கறையான் கூடுவரை போவதைக் காணலாம். அமனிட்டாவின் அடிக்கிண்ணமும் மண்ணுக்குள்தான் இருக்கும். மேலே ஒடித்து எடுத்துவந்தால் இரண்டும் போய்விடும். எங்கே, எந்த மரத்தடியில், என்ன தேதி என்ற குறிப்பில்லாத வித்துப் படிவு பாதி பயன்தான் தரும்.

யாராவது தெரியாத காளானைச் சாப்பிட்டுவிட்டால் இந்தச் சோதனையெல்லாம் செய்துகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அமனிட்டா நஞ்சு உடம்பில் காட்டவே 6 மணி முதல் 24 மணி நேரம் ஆகலாம்; வேகவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. வாந்தி நின்று தெளிந்தது போலத் தோன்றும் நாளிலும் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் காளானை, குப்பையில் போட்ட தண்டு நறுக்கையும் சேர்த்து, பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். சமைத்த குழம்பு மட்டும்தான் இருக்கிறதென்றால் அதையும் கொட்டிவிடாமல் கொண்டுபோங்கள். வெந்த துண்டிலும் வித்து உருக்குலையாமல் கிடைப்பதுண்டு.