மாடல் டி-யும் மோரிஸ் மைனரும்: இரு காலத்துக் கார்களை ஒப்பிடும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கார் வாங்க விரும்பும் நம்மவர்கள் பலர், 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி-யையும் 1948-இல் அறிமுகமான மோரிஸ் மைனரையும் பார்த்தவுடன், எது வேகமானது என்றே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்து, ஓட்டுபவரின் கைகால்களுக்கு எந்தக் கார் என்ன வேலை வைக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டிலும் அமர்ந்து பெடல்களை மிதியுங்கள். மாடல் டி-யின் இடது பெடலை முழுவதும் அழுத்தினால் முதல் கியர். கைநெம்புகோலை முன்னால் தள்ளிப் பெடலை விட்டுவிட்டால் மேல் கியர். மைனரில் பிரேக் இருக்கும் நடு இடத்தில் இங்கே ரிவர்ஸ் இருக்கிறது; ஆக்ஸிலரேட்டர் இருக்க வேண்டிய வலப்பக்கத்தில் பிரேக் இருக்கிறது. வேகத்தைக் கூட்டக் குறைக்க, ஸ்டீயரிங்கின் கீழுள்ள சிறு நெம்புகோலைக் கையால் நகர்த்த வேண்டும். இதைப் பழகாமல் சாலையில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, டர்பனுக்கு அருகே பைன்டவுனிலிருந்து குளூஃபுக்கு ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டை மனத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலான மாடல் டி கார்களில் முன்னிருக்கையின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாகவே வழிந்து இன்ஜினுக்குச் செல்லும்; ஆகவே பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜினுக்கு அது எட்டாது. அக்காலத்தில் காரைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மேட்டில் ஏற்றியதற்குக் காரணம் இதுதான். இறக்கத்திலோ அதன் பெடல் பிரேக் கியர்பெட்டிக்குள் இயங்கிப் பின்சக்கரங்களை மட்டுமே தடுக்கும். மைனருக்கு நான்கு சக்கரங்களிலும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உண்டு. அந்தப் பிரேக் எண்ணெய் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடித் தளத்துக்குக் கீழே இருப்பதால், கால்விரிப்பைத் தூக்கி எண்ணெயைப் பாருங்கள். விரிப்பைத் தூக்காதவர் காரையே பார்க்கவில்லை என்பார் என் பெரியப்பா.

இன்ஜின் கணக்கு எளிது: மாடல் டி-க்கு 2.9 லிட்டரில் 20 குதிரைத்திறன். 1956-இல் வந்த மைனர் 1000-க்கு 948 சிசியில் 37.

கடற்காற்று வீசும் ஊரில் துருவையே அதிகம் கவனிக்க வேண்டும். மாடல் டி-க்குத் தனிச் சட்டகம் இருப்பதால், மேற்கூட்டின் துரு அழகைக் கெடுத்தாலும் அதன் வலுவைப் பெரிதாகக் குறைக்காது. ஆனால் உள்ளே மரச்சட்டம் உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மைனரில் கூடே எடை தாங்குவதால், கதவடிப் பட்டைகளும் பின் ஸ்பிரிங் பொருத்தப்பட்ட இடங்களும் துருப்பிடித்திருந்தால் செலவு பெரிது. மைனரின் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், கிரீஸ் இல்லாமல் தேய்ந்த இணைப்பு ஓடும்போது விட்டுப்போய்ச் சக்கரம் மடங்கிவிடக்கூடும் என்பதால், அதைச் சரிசெய்யும் வரை அந்தக் காரை ஓட்டிப் பார்க்காதீர்கள்.