ரீட்() திரும்பி வராதபோது: ப்ளூடூத் ஜிபிஎஸ்ஸுக்கு ஆப் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மண்டபம் ஜெட்டியில் வலை பொத்துகிறவர்கள், பலகை மாற்றுகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள் என்று ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ கருவிகளைப் போனோடு இணைத்துக் கொடுக்கிற எனக்கும் அந்த இரண்டு மாதம்தான் வேலை அதிகம்.

இந்த முறை கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் ஒரு ஆண்ட்ராய்டு ஆப்போடு வந்தார்கள். ஜிபிஎஸ் மாட்யூல், அதோடு ஒரு ஹெச்சி-05 ப்ளூடூத் மாட்யூல், போனில் ஜாவா. படகு நிற்கிற இடம் திரையில் வருகிறது. நன்றாகத்தான் செய்திருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து, ஜிபிஎஸ்ஸிலிருந்து ப்ளூடூத்துக்குப் போகிற டேட்டா ஒயரை மட்டும் உருவிவிட்டேன். ஒரு நிமிடம் ஆனது, இரண்டு நிமிடம் ஆனது. திரையில் அதே இடம், அதே எண்கள், பச்சை நிறத்தில்.

“அண்ணே, கனெக்‌ஷன் இருக்குன்னுதானே காட்டுது?” என்றான் ஒருவன்.

பல வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஆப்பும் இதையேதான் செய்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ப்ளூடூத் அனுமதி கேட்க மறப்பது, ஸ்ட்ரீமை மூடாமல் விடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை முதல் நாளே கிராஷ் ஆகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

தரவு வராவிட்டால் ரீட்() பிழை சொல்லும் என்று நம்புவது

ஜாவாவில் வருகிற தரவைப் படிக்கிற கட்டளை இன்புட்ஸ்ட்ரீமின் ரீட்(). அது மூன்று சந்தர்ப்பங்களில்தான் திரும்பும். பைட் வந்தால் திரும்பும். ஸ்ட்ரீம் முடிந்துவிட்டால் -1 தரும். இணைப்பு அறுந்தால் ஐஓஎக்செப்ஷன் என்ற பிழையை எறியும். இந்த மூன்றும் நடக்காவிட்டால் அங்கேயே நிற்கும். எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கும் கிடையாது. விடிய விடிய நிற்கும்.

பெட்டியை மொத்தமாக அணைத்துப் பார்த்துவிட்டு ‘டெஸ்ட் செய்தாயிற்று’ என்று சொல்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மின்சாரம் போனால் ப்ளூடூத் இணைப்பே அறுந்துவிடும், கொஞ்ச நேரத்தில் எக்செப்ஷன் வந்துவிடும். கடலில் நடப்பது வேறு. உப்புக் காற்றில் டேட்டா ஒயரின் பற்றவைப்பு பச்சை பூத்து விட்டுப்போகும். ஜிபிஎஸ்ஸுக்கு மின்சாரம் இருக்கும், ப்ளூடூத்துக்கும் இருக்கும், இணைப்பும் உயிரோடு இருக்கும். விளக்கு சரியாகவே மினுக்கும். பைட் மட்டும் வராது. அப்போது ரீட்() கோணத்தில் எந்தத் தவறும் நடக்கவில்லை. அது காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

என் சித்தப்பாவுக்குத் தங்கச்சிமடத்தில் பைபர் படகு. வடகடலில் வலை விடுவார். போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அலையும் மழையும் அடிக்கிற சின்னப் படகில் போனை பாலிதீன் பையில் சுற்றி அடியில் வைத்துவிடுவார்கள். அதனால் கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா கட்டி, ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் மாட்யூல்களை வைத்து அடைத்து, ஆப்பும் எழுதிக் கொடுத்திருந்தேன். நாலு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஆவணி மாதம், கச்சான் காற்று. இரவில் வலையை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். வலையோடு சேர்ந்து படகும் மிதந்து போகும், அது வழக்கம்தான். நடுநடுவே போனை எடுத்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அன்றைக்குப் பார்த்தபோதெல்லாம் எண்கள் நகரவே இல்லை. நீவாடு (நீரோட்டம்) செத்துக் கிடக்கிறது என்று நினைத்துப் படுத்துவிட்டார்கள். பக்கத்தில் வலை விட்டிருந்த எங்கள் ஊர்ப் படகுக்காரர் ஒருவர் டார்ச் அடித்து, “எங்கய்யா போயிக்கிருக்கிய?” என்று சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தார்கள். அவருடைய கருவியில் பார்த்தால், எங்கள் ஆப் காட்டிய இடத்துக்கும் உண்மையில் நின்ற இடத்துக்கும் இரண்டு கடல்மைலுக்கு மேல் வித்தியாசம். அந்தப் பக்கம் எது இருக்கிறது என்று ராமேசுவரம் தீவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லைக்கோட்டைப் போட்டதிலிருந்து, அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் படகையும் இழந்து சிறையிலும் இருந்துவிட்டு வந்த கதை எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உண்டு. சித்தப்பா அவசரத்தில் வலையை இழுக்க முடியாமல் பாதியை வெட்டிவிட்டுத் திரும்பினார். கரைக்கு வந்தபோது என்னைத் திட்டவில்லை. “பொட்டி தூங்கிருச்சுடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

டப்பா சரியாகத்தான் இருந்தது. ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. தப்பு என்னுடைய வரிகளில். கடைசியாகக் கிடைத்த இடத்தை, இப்போதைய இடம் மாதிரி காட்டிக்கொண்டே இருந்தேன்.

இதற்குப் புதியவர்கள் செய்கிற வைத்தியங்கள் நான்கு. நான்கையும் நானும் செய்திருக்கிறேன்.

முதல் வைத்தியம், வைல் லூப்பில் ஒரு பூலியன் கொடி வைப்பது. ‘ஓடு’ என்பதைப் பொய்யாக்கினால் லூப் நின்றுவிடும் என்று நினைப்பது. கொடியைப் பார்க்க வேண்டிய த்ரெட் (ஆப்புக்குள் தனியாக ஓடுகிற ஒரு வேலை) ரீட்()டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பைட் வந்து அதை வெளியே விட்டால்தான் கொடி அதன் கண்ணில் படும்.

இரண்டாவது, இன்டரப்ட்() கூப்பிடுவது. ஸ்லீப்(), வெயிட்() இரண்டையும் அது எழுப்பும். சாதாரண இன்புட்ஸ்ட்ரீம் ரீட்டை எழுப்பாது. த்ரெட்டில் ஒரு அடையாளம் விழும், ரீட்() அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் நோக்கியா போன்களில் ஜேடுஎம்ஈ (பழைய போன்களுக்கான ஜாவா) எழுதப் பழகிய காலத்தில், அதன் அடித்தளமான சிஎல்டிசி 1.0இல் இன்டரப்ட்() என்பதே கிடையாது. 1.1இல்தான் வந்தது. வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். தீரவில்லை.

மூன்றாவது, அவைலபிள்() கேட்டுவிட்டு, ஏதாவது இருந்தால் மட்டும் படிப்பது. மாட்டிக்கொள்ள மாட்டோம், உண்மைதான். ஆனால் அது 0 என்று சொன்னால் இன்னும் வரவில்லை என்றும் பொருள், இனி வரவே வராது என்றும் பொருள். ஸ்ட்ரீம் முடிந்துபோனதை அவைலபிள்() சொல்லாது. நேரக் கணக்கு வைக்காமல் இதைச் சுற்றவிட்டால் போன் சூடாகும், பேட்டரி தீரும், திரையில் மட்டும் அதே பழைய இடம் இருக்கும்.

நான்காவதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, ஏனென்றால் பார்க்க அவ்வளவு சரியாக இருக்கும். ரீட்டை ஒரு எக்ஸிக்யூட்டரிடம் (வேலையை வேறொரு த்ரெட்டில் ஓட்டுவது) கொடுத்து, அதன் முடிவைத் தருகிற ஃபியூச்சரிடம் ஐந்து வினாடி மட்டும் காத்திருப்பது. நேரம் முடிந்ததும் டைம்அவுட் எக்செப்ஷன் வருகிறது, நமக்கும் திருப்தி. ஆனால் டைம்அவுட் ஆனது காத்திருந்த நாம்தான். ரீட்() இன்னும் உள்ளே இருக்கிறது. கேன்சல் போட்டாலும் அது இன்டரப்ட் மட்டுமே செய்யும், அதன் லட்சணத்தைத்தான் மேலே பார்த்தோம். இப்போது மறுபடி முயற்சி என்று இரண்டாவது ரீட்டை அனுப்புகிறோம். ஒரே ஸ்ட்ரீமுக்கு இரண்டு த்ரெட். ஒயர் ஆடி மறுபடி ஒட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். முதலில் வருகிற பைட்டுகளைப் பழைய த்ரெட் எடுத்துக்கொண்டு போகும், யாரும் கேட்காத இடத்தில் கொட்டும். மீதியைப் புதிய த்ரெட் எடுக்கும். ஜிபிஎஸ் அனுப்புகிற எழுத்து வரிகள் நடுவில் கிழிந்து வரும். ஒரு சம்மாட்டியின் படகில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு நாள் ஆனது. ஜிபிஎஸ் பழுது என்று புது மாட்யூல் வாங்க வைத்தேன், ஆன்டெனா மாற்ற வைத்தேன். அவருக்கு வந்த செலவு முழுக்க என் பிழையால்.

சரி, என்னதான் செய்வது? சாதாரண டிசிபி சாக்கெட்டாக இருந்தால் செட்எஸ்ஓடைம்அவுட்() போதும். குறித்த நேரத்தில் சாக்கெட்டைம்அவுட் எக்செப்ஷன் வரும், சாக்கெட்டும் கெடாது. ஆண்ட்ராய்டின் ப்ளூடூத்சாக்கெட்டில் அந்த வசதி இல்லை. அங்கே இருக்கிற ஒரே நம்பகமான வழி, வேறொரு த்ரெட்டிலிருந்து சாக்கெட்டை க்ளோஸ்() செய்வது. அப்படி மூடினால் நடந்துகொண்டிருக்கிற ரீட்() அந்த இடத்திலேயே முறிந்து ஐஓஎக்செப்ஷனோடு வெளியே வரும்.

என் படகுகளில் இப்போது இருக்கிற ஏற்பாடு இது. படிப்பதற்கு ஒரே ஒரு த்ரெட். முழு வரி ஒன்று வந்ததும் அது நேரத்தைக் குறித்து வைக்கும். அந்த நேரத்தை சிஸ்டம்க்ளாக்கின் எலாப்ஸ்டுரியல்டைம்() கொண்டு எடுங்கள். சுவர்க் கடிகார நேரம் வேண்டாம், கரையை நெருங்கி டவர் கிடைத்ததும் அது குதிக்கலாம். வினாடிக்கு ஒருமுறை இன்னொரு காவல் வேலை எழுந்து, கடைசி வரிக்கு வயது என்ன என்று பார்க்கும். மாட்யூல் வினாடிக்கு ஒரு வரி அனுப்புகிறது. ஐந்து வினாடி தாண்டினால் திரையிலிருந்து இடத்தை அழித்துவிட்டு, ‘5 வினாடியாகத் தகவல் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போடும், ஒலியும் எழுப்பும். பதினைந்து வினாடி தாண்டினால் சாக்கெட்டை மூடும், படிக்கிற த்ரெட் வெளியே வந்து முடியும், அது முடிந்தது உறுதியான பிறகு புதிய சாக்கெட்டோடு புதிய த்ரெட் தொடங்கும். மூடிய சாக்கெட்டை மறுபடி கனெக்ட்() செய்ய முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று. சில சமயம் வரிகள் வந்துகொண்டே இருக்கும், ஆனால் செயற்கைக்கோள் பிடிபட்டிருக்காது. ஜிபிஎஸ் அனுப்புகிற வரிகளில் ஜிபிஆர்எம்சி என்று தொடங்குகிற வரியில் நேரத்துக்கு அடுத்து ஒரு எழுத்து வரும். ‘ஏ’ என்றால் நம்பலாம், ‘வி’ என்றால் அந்த இடத்தை எடுக்கக் கூடாது. ‘வி’ வரியை உயிரோடு இருப்பதற்கு அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், இடமாகக் காட்டாதீர்கள்.

ஒரே ரீட்டில் முழு வரியும் வந்துவிடும் என்று நினைப்பது

என்எம்இஏ 0183 (கடல் கருவிகள் தகவலை வரி வரியாக அனுப்புகிற முறை) கருவிகளின் வழக்கமான வேகம் 4800 பாட், அதாவது வினாடிக்கு 4800 பிட். ஒரு பைட்டுக்குப் பத்து பிட் என்று வைத்தால் வினாடிக்கு 480 பைட். எழுபது எழுத்துள்ள ஒரு வரி வந்து முடியவே கிட்டத்தட்ட 150 மில்லிவினாடி ஆகும். அதற்குள் ரீட்() திரும்பிவிட்டால் கையில் அரை வரிதான் இருக்கும். 1024 பைட் பஃபர் கொடுத்தாலும் நிரம்பும்வரை அது காத்திருக்காது. எத்தனை பைட் என்று அது திருப்பிக் கொடுக்கிற எண்ணை மட்டும் நம்புங்கள், அதற்கு அப்பால் பஃபரில் கிடப்பது போன முறையின் மிச்சம். வரி முடிவு வரும்வரை சேர்த்துவைத்து, நட்சத்திரக் குறிக்குப் பின்னால் வருகிற செக்சம்மைச் சரிபார்த்த பிறகே இடத்தை எடுங்கள். டாலர் குறிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற எழுத்துகளை எக்ஸ்ஓஆர் செய்தால் வருகிற எண் அது. நாலு வரியில் எழுதிவிடலாம். எழுதாமல் விட்டால், 07915 என்று தொடங்க வேண்டிய தீர்க்கரேகை 7915 என்று வந்தாலும் ஆப் அதை வாங்கிக்கொள்ளும்.

-1 பார்ப்பதற்கு முன்பே பைட்டாக மாற்றுவது

ரீட்() தருவது இன்ட். 0 முதல் 255 வரை தரவு, -1 முடிவு. முதலிலேயே பைட்டாக மாற்றினால் 255 வந்தாலே -1 ஆகிவிடும், லூப் பாதியில் நின்றுவிடும். கேரக்டராக மாற்றினால் -1 வந்ததும் 65535 ஆகிவிடும், லூப் நிற்கவே நிற்காது. இன்ட்டாகவே பாருங்கள், பிறகு மாற்றுங்கள்.

தமிழை நடுவில் வெட்டுவது

அலை எச்சரிக்கையைத் தமிழில் இறக்கிக் காட்டுகிற ஆப்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். யூடிஎஃப்-8இல் ‘க’ மூன்று பைட், ‘கி’ ஆறு பைட். 1024 பைட் துண்டுகளாக வாசித்து ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ஸ்ட்ரிங் ஆக்கினால், துண்டின் ஓரத்தில் ஒரு எழுத்து உடைந்து கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கும். ஆங்கிலத்தில் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. யூடிஎஃப்-8 என்று சொல்லி இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் வழியாக வாசியுங்கள்.

எச்டிடிபி டைம்அவுட்டை விட்டுவிடுவது

எச்டிடிபியூஆர்எல்கனெக்‌ஷனில் ரீட் டைம்அவுட் 0 என்றால் முடிவில்லாமல் காத்திரு என்று பொருள். நீங்கள் எதுவும் வைக்காவிட்டால் 0தான்.

முதன்மை த்ரெட்டில் படிப்பது

கூடாது. நெட்வொர்க்கை முதன்மை த்ரெட்டில் தொட்டால் ஆண்ட்ராய்டு 3.0 முதல் எக்செப்ஷன் எறிந்து தடுக்கும், ப்ளூடூத்தை அப்படித் தடுக்காது.

கரையில் மட்டும் டெஸ்ட் செய்வது

பையன்கள் மூவரும் மறுவாரம் வந்தார்கள். ஜெட்டியில் கட்டியிருந்த வள்ளத்தில் உட்கார்ந்து ஒயரை உருவினோம். ஐந்தாவது வினாடியில் எண்கள் அழிந்தன, போன் கத்தியது. ஒயரை மாட்டினோம், திரும்பவும் இடம் வரவில்லை. மூடிய பழைய சாக்கெட்டையே கனெக்ட் செய்துகொண்டிருந்தார்கள். அதைத் திருத்தி, இருட்டுகிற வரை இருபது தடவை உருவி மாட்டினோம். அப்புறம் சித்தப்பா படகில் ஒரு இரவு தொழிலுக்குப் போனார்கள். அவர் கையிலேயே ஒயரைக் கொடுத்திருந்தேன், யாரிடமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் உருவச் சொல்லி. இரண்டு மணிக்கு உருவியிருக்கிறார். போன் கத்திய சத்தத்தில் மூன்று பேரும் எழுந்துவிட்டார்களாம்.