பாடும் குருவியின் கேட்கும் திறனில் மூளை ஹார்மோனின் பங்கைச் சோதிக்கும் முறை

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா ஃபிஞ்ச் குருவிகளில் ஆண் மட்டுமே பாடும். பெண் அதைக் கேட்டுத் துணையைத் தேர்ந்தெடுக்கும். இக்குருவியின் கேட்கும் திறனில் ஈஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனுக்குப் பங்கு உண்டா என்று ஆராய விரும்பும் மாணவர், அந்த ஹார்மோன் எங்கே உண்டானது என்பதைத்தான் முதலில் தெளிவுபடுத்த வேண்டும். இரத்தத்தில் வருவதும் மூளையே தயாரிப்பதும் ஒரே மூலக்கூறு என்பதால், இரத்தப் பரிசோதனையால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது.

பாட்டை இனங்காண உதவும் என்.சி.எம். என்ற முன்மூளைப் பகுதியில், டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ராடியாலாக மாற்றும் அரோமட்டேஸ் நொதி மிகுதியாக உள்ளது. அங்கே, சிறு மூலக்கூறுகள் ஊடுருவக்கூடிய சவ்வுள்ள மைக்ரோடயாலிசிஸ் நுண்குழாயைப் பொருத்தி, மூளைநீரை ஒத்த கரைசலை மெல்லச் செலுத்தி, வெளிவரும் திரவத்தை அரைமணிக்கு ஒருமுறை சேகரித்து அளக்கலாம். லூக் ரெமேஜ்-ஹீலியும் சக ஆய்வாளர்களும் 2008இல் இவ்வாறு அளந்தபோது, பெண் குருவியுடன் பழகிய ஆணின் என்.சி.எம். பகுதியில் ஈஸ்ட்ராடியால் 30 நிமிடங்களுக்குள் உயர்ந்திருந்தது.

உயர்ந்தது என்பதாலேயே அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே குழாய் வழியாக, அரோமட்டேஸைத் தடுக்கும் ஃபாட்ரோசோல் மருந்தைச் செலுத்தி, பாட்டுக்கு நரம்புச் செல்கள் காட்டும் மின்துடிப்பை மருந்துக்கு முன்பும், மருந்தின்போதும், அதை நிறுத்திய பின்பும் பதிவு செய்ய வேண்டும். ஈஸ்ட்ராடியாலை நேரடியாகச் செலுத்தி எதிர்த்திசை விளைவையும் பார்க்க வேண்டும். நடத்தையை அறிய, கூண்டின் இரு முனைகளிலும் ஒலிபெருக்கி வைத்து, எந்தப் பாட்டின் அருகே குருவி அதிக நேரம் நிற்கிறது என்று கணக்கிடலாம். சில குருவிகள் எதைக் கேட்டாலும் ஒரே மூலையை விரும்பும் என்பதால், ஒலிபெருக்கிகளை இடம் மாற்றியும் சோதிக்காத முடிவை நான் நம்பமாட்டேன்.

மூளையின் இரு பாதிகளையும் தனித்தனியே சோதிப்பது அவசியம். இதே குழுவினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், இடப்பக்க என்.சி.எம். பகுதியில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுத்தபோது பாட்டின் மீதான விருப்பம் குலைந்தது. வலப்பக்கத்தில் தடுத்தபோது அவ்வாறு நேரவில்லை. இரு பக்கத் தரவுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் இவ்வேறுபாடு மங்கிப் போயிருக்கும்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தொடக்கத்திலேயே பெற வேண்டும். சோதனை முடிந்தபின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, குழாயின் முனை என்.சி.எம். பகுதிக்குள்தான் இருந்ததா என்று நுண்ணோக்கியில் உறுதிசெய்து, விலகியிருந்தால் அக்குருவியின் தரவைத் தனியே பிரித்துவிட வேண்டும்.